மொட்டைமாடியில் விண்துகள்

வானிலிருந்து விழும் தூசியைக் காண வடதுருவம் போகவேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,200 டன் விண்துகள் புவியை வந்தடைகிறது என்று 2021-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது. அதில் நம் மாஹிமுக்கும் பங்கு உண்டன்றோ!

ஆகவே, மாணவ நண்பர்கள் மொட்டைமாடித் தூசியில் காந்தத்தை ஓட்டி, ஒட்டியதைக் கழுவிச் சலித்து, உருப்பெருக்கியில் நோக்குவதை நான் மனமார வரவேற்கிறேன். செலவும் அதிகமில்லை. பழைய ஒலிபெருக்கியின் காந்தமும், அதன்மேல் சுற்ற ஒரு பிளாஸ்டிக் பையும் போதும். ஆனால், கருநிற உருண்டை ஒன்று மின்னியவுடனே "விண்துகள்" என்று சீட்டு எழுதிக் கண்காட்சியில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

காரணம் யாது? மாஹிமின் சூழலை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு நடுவே இருப்புப்பாதை. அதற்கு அப்பால் தாராவிப் பட்டறைகள். வெல்டிங் பொறி காற்றிலே குளிர்ந்தால் அதுவும் உருண்டைதான். தீபாவளி வாணமும் உருண்டைகளைச் சிந்தும். மும்பையைத் தாங்கி நிற்கும் எரிமலைப் பாறையின் பொடியிலும் காந்தம் இழுக்கும் இரும்புத்தாது உண்டு. காந்தத்தில் ஒட்டியதெல்லாம் வானத்துச் சரக்காகிவிடுமா?

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றிலிருந்து விண்துகள்களை எடுத்து ஆராய்ந்தனர். அங்கே பட்டறையும் இல்லை, பட்டாசும் இல்லை. நகரத் தூசியில் தேடுவதோ வேறு கதை. நார்வே நாட்டு இசைக்கலைஞர் யோன் லார்சன் 2009-இல் தேடத் தொடங்கினார். விண்துகள் அல்லாதவை எவையெவை என்று பல்லாண்டுகள் வகைப்படுத்திய பிறகே அவர் வெற்றி கண்டார். 2017-இல் லண்டன் அறிஞர் மாத்யூ கெஞ்சுடன் அவர் வெளியிட்ட ஆய்வில், கூரைகளில் திரட்டிய 300 கிலோ படிவிலிருந்து கிடைத்தவை 500 துகள்களே. அவற்றுள்ளும் சிலவற்றை மின்னணு உருப்பெருக்கியில் வைத்து, உள்ளமைப்பையும் வேதிச்சேர்க்கையையும் கண்ட பின்னரே முடிவு கூறினர்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. நமது சங்கக் கண்காட்சியில், "நூறு உருண்டைகள் பார்த்தேன், தொண்ணூற்றெட்டைத் தள்ளினேன், இரண்டு ஐயத்துக்குரியவை" என்று காரணத்தோடு எழுதும் மாணவனுக்கே முதற்பரிசு தருக. அந்த இரண்டையும் சோதிக்க, பல்கலைக்கழகம் தன் மின்னணு உருப்பெருக்கியை ஆண்டுக்கு ஒருநாளாவது மாணவர்க்குத் திறந்துவிடுக. தாராவிச் சிறுவன் காந்தம் வாங்கிவிடுவான். அந்தக் கருவியை அவன் எங்கே போய் வாங்குவான்?

தள்ளக் கற்பதே விஞ்ஞானத்தின் முதற்பாடம். தள்ளித் தள்ளி எஞ்சுவது ஒன்றேயாயினும், அதுவே பெருஞ்செல்வம்.