ஐயாவின் கடிதங்களில் கத்தரி வைக்காதீர்கள்

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரு சண்டை நடக்கிறது. வெளியில் சொல்லக் கூடாது என்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

ஐயா பிறந்து 125 ஆண்டு நிறைவதையொட்டி ஒரு குடும்ப மலர் போடுகிறோம். (ஐயா என்றால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அப்பச்சியைப் பெற்றவர். மற்ற ஊர் நண்பர்களுக்காக இந்தக் குறிப்பு.) மலர்ப் பொறுப்பு என் சித்தப்பா மகனுடையது. அதற்காக ஊர் வீட்டில் இரண்டாங்கட்டு அறையிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அப்பத்தா இருந்தவரை அதன் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி 41 கடிதங்கள். எல்லாம் பர்மாவிலிருந்து ஐயா அப்பத்தாவுக்கு எழுதியவை. முதலாவது 1926. கடைசி 1941 நவம்பர்.

படித்து முடிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின. எழுத்துக்குப் புள்ளி கிடையாது. தொகையெல்லாம் தமிழ் எண்ணில். தேதிக்குத் தமிழ் வருஷப் பெயரும் மாதமும்தான். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆங்கில ஆண்டுக்கு மாற்றினேன்.

எனக்குத் தெரிந்த ஐயா, முகப்புத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், யாரிடமும் பேசாத கிழவர். அவர் போனபோது எனக்கு ஐந்து வயது. கடிதங்களில் இருப்பவர் வேறு ஆள். கொண்டுவிக்கப் போன இடத்தில், அடுத்தாளாக ஒரு கடையில் உட்கார்ந்து, பியாபோன் கொசுவைத் திட்டுகிறார். ஙப்பி நாற்றம் தாங்கவில்லை என்று எழுதுகிறார். நான்கு வருஷம் கழித்து, அது இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று வெட்கத்தோடு எழுதுகிறார். என் அப்பச்சிக்குப் பல் முளைத்ததா என்று மூன்று கடிதங்களில் தொடர்ந்து கேட்கிறார். 1929-ல் பங்காளி ஒருவரோடு சேர்ந்து சொந்தமாகச் சின்னக் கடை வைக்கிறார்.

அதற்கடுத்த வருஷமே நெல் விலை விழுந்தது. உலகம் முழுக்க வந்த மந்தம். ஐராவதிக் கழிமுகத்தில் நெல் தவிர வேறு பிழைப்பு இல்லாத விவசாயி, பழைய விலையில் வாங்கிய கடனைப் புதிய விலையில் எப்படித் திருப்புவான்? நிலத்தை எழுதிக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தார் கையில் இருந்தது. 1937-ல் அது 25 விழுக்காடு. நான்கில் ஒரு பங்கு! பியாபோனும் அந்த 13-ல் ஒன்று.

சண்டைக்குக் காரணமான மூன்று கடிதங்களுக்கு வருகிறேன்.

முதல் கடிதம் ஆங்கீரச வருஷம் மாசி மாதம். அதாவது 1933. ஒரு விவசாயியின் 18 ஏக்கரைக் கடனுக்கு ஈடாக எழுதி வாங்கியதைச் சொல்கிறார். அந்த ஆள் ஒவ்வொரு அறுப்புக்கும் ஐயாவுக்குப் பழமும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தவராம். அன்றைக்கும் கொண்டு வந்தாராம். பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, கூடையையும் வைத்துவிட்டுப் போனாராம். இனி அதே நிலத்தில் அவர் குத்தகைக்காரர். இரண்டாவது கடிதத்தில், அந்தப் பர்மாக்காரரின் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டி எழுதி, அந்தப் பெயருக்கு நம் ஊர்க் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்யச் சொல்கிறார். காரணம் எழுதவில்லை. மூன்றாவது கடிதத்தில், அப்பத்தா உறையில் வைத்து அனுப்பிய விபூதி வந்து சேர்ந்தது என்கிறார். அதைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாராம். இது எதற்கு என்று அவர் கேட்டாராம். "எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று கடிதம் முடிகிறது.

இந்த மூன்றும் மலரில் வேண்டாம் என்கிறான் தம்பி. தேக்குத் தூண் வாங்கிய கடிதம் வரலாம். பல் முளைத்த கடிதம் வரலாம். "அண்ணே, செத்துப்போனவுக வந்து பதில் சொல்ல முடியுமா? அவுகளை எதுக்குக் கூண்டுல ஏத்துறீங்க?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மூன்று கடிதங்களும்தான் அவர் பதில். அவரே எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பிய பதில். அதைக் கிழித்துவிட்டு, பதில் சொல்ல ஆளில்லை என்பது என்ன நியாயம்?

அடுத்து, எல்லாம் சட்டப்படிதானே நடந்தது என்றான். ஆமாம். கைநாட்டு இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. ஆனால் விவசாயியின் நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போகாமல் தடுக்கப் பஞ்சாபில் 1900-லேயே சட்டம் போட்ட அதே வெள்ளைக்கார அரசு, நெல் விலை விழுந்த அந்த ஆண்டுகளில் பர்மாவில் அப்படி ஒன்றும் வைத்திருக்கவில்லை. சட்டப்படி சரி என்றால் அந்தச் சட்டம் யாருக்காக இருந்தது என்றும் கேட்க வேண்டும். இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. 38 ஆண்டு வங்கியில் இருந்தவன். விவசாயிகளின் நகைகளை ஏலத்துக்கு அனுப்பும் நோட்டீஸில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதுவும் சட்டப்படிதான். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். யார் பெயருக்கும் அர்ச்சனை செய்யத் தோன்றவில்லை.

மூன்றாவதாக, நாம் பட்டது கொஞ்சமா என்றான். இல்லை என்று யார் சொன்னது? 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்குப் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். காட்டுவழி நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். ஐயாவும் நடந்து வந்தவர்தான். 1942 கோடையில் எலும்பும் தோலுமாக வந்து நின்றவரை அப்பத்தாவுக்கே அடையாளம் தெரியவில்லை என்பார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டார்கள். இந்தப் பாதி எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில், சஷ்டியப்த பூர்த்தியில், "பர்மாக்காரன் நம்ம நிலத்தைப் பிடுங்கிக்கிட்டான்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். அந்த நிலம் நம்முடையதாக ஆனது எப்படி என்று 70 வயது வரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பெட்டிதான் சொன்னது.

நகரத்தாரை வில்லன் ஆக்க வரவில்லை. நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வேண்டியது ரொக்கம் என்று ஐயாவே வேறொரு கடிதத்தில் புலம்புகிறார். வாங்க ஆளில்லாத நிலம், சேற்றுக் காலோடு மடியில் வந்து உட்கார்ந்தது. கடைக்கு மேலே வெள்ளைக்காரர் வங்கிகள் இருந்தன. அவர்களுக்கும் தவணை கட்ட வேண்டும். இத்தனையும் உண்மை. அந்த 18 ஏக்கரும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

ஐயாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த மூன்று கடிதங்களையும் நீக்குவதாகத் தம்பி நினைக்கிறான். எழுதி வாங்கியதில் ஐயாவுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த ஊரில் எல்லாக் கடைகளும் செய்த காரியம் அது. ஆனால் உறுத்தல் தாங்காமல், கடல் தாண்டி இருக்கும் பெண்டாட்டியிடம் ஓர் அந்நியன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னாரே, அது அவர் மட்டும் செய்தது. விபூதியை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றாரே, அதுவும் அவர் மட்டும் செய்தது. விபூதியால் நிலம் திரும்பி வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று கடிதங்களையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவர் தேக்குத் தூண் வாங்கிய ஒரு மனிதர். அவருக்கு 125-ஆம் ஆண்டு எதற்கு?

மலரில் குடும்பத்தார் 60 பேர் பெயர் வருகிறது, போன வருஷம் பிறந்த பேரக் குழந்தை வரை. அந்த விவசாயியின் பெயரும் ஒரு வரியில் வரட்டும். நம் கோயிலில் ஒருமுறை சொல்லப்பட்ட பெயர்தானே!

41 கடிதமும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றும் போடாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் இரண்டு வாரமாகப் போன் எடுக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் பிரித்துப் படியுங்கள். எங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடிச் சேர்த்துவைத்த புத்தகங்களும் தாள்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. படிக்கும்போது சங்கடமான பக்கம் ஒன்று வரும். வந்தால் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். உங்கள் தாத்தா உங்களிடம் மனம்விட்டுப் பேசும் இடம் பெரும்பாலும் அதுதான்.