கூத்துக் கதாயுதமும் சினிமா துப்பாக்கியும்

போர்ப் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தாத்தா, அது நிஜத் துப்பாக்கியா?"

2024 தீபாவளியன்று வெளியான 'அமரன்' பல வீடுகளில் இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது. காஷ்மீரின் ஷோபியானில் 2014 ஏப்ரல் 25 அன்று தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை அது. படம் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா?

தாத்தா 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. பொதுவாகப் போர்ப் படங்களில் மூன்று ரகத் துப்பாக்கிகள் இருக்கும்.

முதல் ரகம், ரப்பர் அல்லது ஃபைபரில் செய்தது. நிஜத் துப்பாக்கியை வைத்து அச்சு எடுத்து, வார்த்து, வண்ணம் பூசுவார்கள். பின்னால் ஓடுகிறவர்கள், தரையில் உருள்கிறவர்கள், மேலேயிருந்து குதிக்கிறவர்கள் கையில் இதுதான். விழுந்தாலும் விலா எலும்பு உடையாது.

இரண்டாவது ரகம், கேஸில் இயங்குவது. விசையை அழுத்தினால் உதறும். ஆனால் வெடிமருந்து கிடையாது. குழல் முனையில் தெரியும் நெருப்பைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பார்கள்.

மூன்றாவது ரகத்தில்தான் கவனம் வேண்டும். நிஜத் துப்பாக்கியிலோ, அதைப் போலவே செய்த துப்பாக்கியிலோ 'பிளாங்க்' எனப்படும் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது. இதில் மருந்து உண்டு, ஈயக்குண்டு மட்டும் இல்லை. சத்தமும் நெருப்பும் புகையும் நிஜம். இதுதவிர 'டம்மி' தோட்டா என்று ஒன்று உண்டு. அதில் குண்டு தெரியும், மருந்து இருக்காது. கேமரா அருகில் வரும்போது காட்டுவதற்கு மட்டும்.

ஏ.கே.47 துப்பாக்கியின் வழக்கமான மேகஸினில் 30 தோட்டாக்கள். விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 3 விநாடிகளில் காலி! அடுத்த முறை ஹீரோ மேகஸின் மாற்றாமல் எத்தனை விநாடி சுடுகிறார் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். நல்ல பொழுதுபோக்கு.

பொய் ஆயுதம் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதல்ல. செய்யாறு பக்கத்துப் புரிசை, தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்து, கடைசியில் படுகளம் வரும். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் படுத்திருப்பான். பீமன் வேடக்காரர் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து தொடையில் அடிப்பார். அந்தக் கதாயுதம் நிஜமல்ல என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

சினிமா கேமரா அந்தச் சலுகையைத் தராது. பெரிய திரையில் துப்பாக்கியின் கீறல்கூடத் தெரியும். அதனால் போலியை நிஜத்துக்கு மிக அருகில் கொண்டுபோகிறார்கள். ஆபத்து வருவது அந்த நெருக்கத்தில்தான்.

1984 அக்டோபரில் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம், தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்பு இடைவேளையில் விளையாட்டாக ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். உள்ளே இருந்தது வெறும் பிளாங்க்தான். ஆனால் மிக அருகில் பீறிட்ட வாயுவின் வேகமே மண்டையோட்டை உடைத்துவிட்டது. ஆறு நாளில் இறந்துபோனார். வயது 26.

புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 1993 மார்ச் 31 அன்று 'தி க்ரோ' படப்பிடிப்பில் இறந்தார். வயது 28. சரியாகச் செய்யப்படாத டம்மி தோட்டா ஒன்றின் குண்டு கழன்று, துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு நிஜக் குண்டாகவே பாய்ந்தது.

2021 அக்டோபர் 21 அன்று 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் காயமடைந்தார். துப்பாக்கியில் ஆபத்தில்லை என்று சொல்லித்தான் நடிகரிடம் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருந்ததோ நிஜத் தோட்டா. ஆயுதங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த பெண்ணுக்கு 2024-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. நடிகர் மீதான வழக்கு, ஆதாரங்களை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் மறைத்ததால் தள்ளுபடியானது.

மூன்று சாவிலும் யாருக்கும் கொல்லும் எண்ணம் இல்லை. 'இது சினிமா துப்பாக்கிதானே' என்ற அலட்சியம்தான் இருந்தது.

முறையான படப்பிடிப்பில் ஆயுதத்துக்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் குழலைத் திறந்து, நடிகருக்கும் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். ஷாட் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். எதிராளியை நேராகக் குறிபார்க்காமல் சற்றுத் தள்ளிக் குறிவைப்பார்கள். கேமரா கோணத்தில் அது நேராகத் தெரியும். நிஜத் தோட்டா அந்த இடத்துக்குள்ளேயே வரக்கூடாது. திரையில் அவர் முகம் ஒரு நொடிகூட வராது. ஆனால் அத்தனை பேர் உயிரும் அவர் கண்ணில்தான் இருக்கிறது.

இந்த விதிகள் நம் வீட்டுக்கும் பொருந்தும். கார்த்திகை தீபக் கூட்டத்தில் கடைகடையாக நடந்தால், பிள்ளைகள் கை நீட்டுவது பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்துத்தான். தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி. வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் முகத்துக்கு நேராக நீட்டக்கூடாது, காதருகே வெடிக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். ரீல்ஸுக்காக அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியோடு பஸ் ஸ்டாண்டிலோ கிரிவலப் பாதையிலோ நின்றால், பார்க்கிறவருக்கு அது போலி என்று எப்படித் தெரியும்? காவலருக்குத்தான் எப்படித் தெரியும்? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் கணக்கில் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் போலியைச் சுடக்கூடியதாக மாற்றுவது குற்றம். கைதாவதைத் தடுக்கப் போலித் துப்பாக்கியைக் காட்டினாலும் 7 ஆண்டு வரை சிறை.

ஆகவே, 'அது நிஜத் துப்பாக்கியா?' என்று பேரப்பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லலாம். "தெரியாதுடா கண்ணு. தெரியாத வரைக்கும் எல்லாத் துப்பாக்கியும் நிஜம்தான்."