கதவுக்கு அந்தப் பக்கம் யாரு? அமெரிக்க வீடுகளின் ஷாட்கன் தோட்டா கணக்கு!

பால் வாங்கப் போற மளிகைக் கடை. ஒரு மூலையில் ஏ.டி.எம் மாதிரி ஒரு மெஷின். அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணணும், முகத்தைக் காட்டணும், கார்டைத் தேய்க்கணும். உள்ளேயிருந்து வந்து விழுறது சிப்ஸ் பாக்கெட் இல்லை பாஸ், தோட்டா பெட்டி!

கற்பனை இல்லை. 2024-ல் 'அமெரிக்கன் ரவுண்ட்ஸ்' என்ற நிறுவனம் அலபாமா, ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களின் கடைகளில் இந்த மெஷின்களை வெச்சப்போ உலகமே வாயைப் பிளந்தது. அமெரிக்காவிலேயே பலர் முகம் சுளிச்சாங்க. ஆனா, சட்டப்படி பார்த்தா இதில் பெரிய மீறல் எதுவும் இல்லை. துப்பாக்கி வாங்கப் போனால் கடைக்காரர் உங்க பின்னணியைச் சோதிக்கணும்; தோட்டா வாங்க அந்தச் சோதனையை அந்த நாட்டு மத்திய சட்டம் கேட்கிறதே இல்லை. ஷாட்கன் தோட்டா வாங்க கடையில் 18 வயசு ஆகியிருந்தா போதும். மெஷின் 21 கேட்குது. அந்த வகையில் மனுஷனைவிட மெஷின் கொஞ்சம் கறார்.

மெஷின் சரி, எந்தத் தோட்டாவை வாங்குறது? ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டா எது 'சரியான' தோட்டா? அமெரிக்க வீடுகளில் பல வருஷமா ஓயாத வாக்குவாதம் இது. நமக்கு சாம்பார்ல வெல்லம் போடணுமா வேண்டாமாங்கிற மாதிரி, ஆளாளுக்கு ஒரு கட்சி. வித்தியாசம் என்னன்னா, இங்கே தப்பா முடிவெடுத்தா பக்கத்து ரூம்ல தூங்குற குழந்தை சாகலாம்.

கடுகு, மிளகு, பட்டாணி

ஷாட்கன்னா என்னன்னு குழம்ப வேண்டாம். பேங்க் வாசல்ல செக்யூரிட்டி தாத்தா தோள்ல தொங்கவிட்டிருப்பாரே ரெட்டைக்குழல் துப்பாக்கி, அதே குடும்பம்தான். அமெரிக்க வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக்குழல் 'பம்ப்' ரகம். சினிமாவில் 'சடக் சடக்'னு இழுப்பாங்களே, அது.

கைத்துப்பாக்கித் தோட்டாவில் ஒரே குண்டு. ஷாட்கன் தோட்டாவில் பெரும்பாலும் பல குண்டுகள், நம்ம ஊர் பேப்பர்ல வர்ற 'பால்ரஸ் குண்டு' மாதிரி. அந்தக் குண்டின் அளவில்தான் மொத்த விவாதமும் இருக்கு. சமையலறை கணக்குல சொன்னா, 'பேர்ட்ஷாட்' கடுகு சைஸ். எட்டாம் நம்பர் ரகத்தில் ஒரு குண்டு சுமார் 2.3 மில்லிமீட்டர், ஒரு அவுன்ஸில் சுமார் 400 இருக்கும். பறவை வேட்டைக்கும், மண் தட்டைச் சுடுற விளையாட்டுக்கும் செஞ்சது. 'பக்ஷாட்' மான் வேட்டைக்கானது. அதில் நான்காம் நம்பர், மிளகைவிடக் கொஞ்சம் பெருசு, 6 மில்லிமீட்டர். 'டபுள் ஆட்' எனப்படும் ரகம் பட்டாணி சைஸ், 8.4 மில்லிமீட்டர், வழக்கமான 12 கேஜ் தோட்டாவில் எட்டோ ஒன்பதோ இருக்கும். கடைசியா 'ஸ்லக்'. ஒரே ஈயக் கட்டி, பெரும்பாலும் 28 கிராம்.

(இந்த 'கேஜ்' கணக்கு செம பழசு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை என்ன குறுக்களவோ அதுதான் 12 கேஜ் குழலின் அளவு. அதனால்தான் நம்பர் கூடக் கூடக் குழல் சின்னதாகுது. 20 கேஜ் என்பது 12-ஐவிடச் சின்னது, உதைப்பும் பொதுவா குறைவு.)

வீட்டுப் பாதுகாப்புக்குன்னு கேட்டா, அங்கே பயிற்சி கொடுக்கிறவங்களில் பெரும்பாலானவங்க பக்ஷாட் பக்கம் நிப்பாங்க. காரணம், 1986-ல் மயாமியில் எஃப்.பி.ஐ ஆட்களுக்கும் ரெண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டை. ரெண்டு ஏஜென்ட்டுகள் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் எஃப்.பி.ஐ தன் தோட்டாக்களுக்கு ஒரு அளவுகோல் வெச்சது: உடல் திசுவைப் போல நடந்துகொள்ளும் ஜெலட்டின் கட்டியில் குறைஞ்சது 12 அங்குலம் போகணும், 18-ஐத் தாண்டக் கூடாது. கடுகு சைஸ் குண்டுகள் இதில் பாதி தூரம்கூடப் போறது கஷ்டம். ஸ்லக் தாராளமாகத் தாண்டிடும். பக்ஷாட் அந்த எல்லைக்குள்ளேயோ, அதை ஒட்டியோ நிற்கும்.

அட்டைச் சுவரும் சினிமாப் புருடாவும்

கதை இத்தோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா ஒரு சிக்கல், அமெரிக்க வீட்டுச் சுவர்.

நம்ம ஊர்ல அறைக்கு அறை செங்கல், மேலே சிமென்ட் பூச்சு. ஆணி அடிக்கவே டிரில்லிங் மெஷின் வேணும். அங்கே உட்சுவர்னா மரச்சட்டம், அதுக்கு ரெண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவுல பெரும்பாலும் காத்துதான். கோபத்தில் குத்தினா கை உள்ளே போயிடும். அந்தச் சுவர் முன்னாடி, மனுஷ உடம்பில் 12 அங்குலம் போகக்கூடிய குண்டு என்ன பண்ணும்? ஒண்ணு இல்லை, வரிசையா சில சுவர்களைத் துளைச்சிட்டுப் போகும். ஹால்ல சுட்டா பெட்ரூம், அதுக்கு அடுத்த பெட்ரூம், சில நேரம் பக்கத்து அப்பார்ட்மென்ட்.

'அப்போ கடுகு சைஸே போதுமே, சுவர்லேயே நின்னுடுமே'ன்னு ஒரு கட்சி இருக்கு. அதுவும் பாதி உண்மைதான். ஒரு அறை தூரத்தில், அந்தச் சின்னக் குண்டுகள் இன்னும் சிதறாம ஒரு கொத்தாத்தான் போகும். அந்தக் கொத்து ஜிப்சம் பலகையை ஓட்டை போட்டுடும். துளைக்காத தோட்டா வேணும்னா அது ஆளையும் நிறுத்தாது. ஆளை நிறுத்தணும்னா அது சுவரையும் துளைக்கும். ரெண்டையும் ஒரே பெட்டியில் தர்ற தோட்டாவை இன்னும் யாரும் செய்யலை. விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கு.

சினிமா சொல்லிக் கொடுத்த இன்னொரு பொய், 'ஷாட்கன்னா குறியே பார்க்க வேண்டாம், சுட்டா ரூம் முழுக்கத் தெறிக்கும்'ங்கிறது. சாதாரண தோட்டாவில் குண்டுகள் ஒரு கஜ தூரத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் விரியும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை ஐந்து கஜம்னு வெச்சா, விரிவு ஒரு உள்ளங்கை அகலம்தான். குறி தப்பினா மொத்தமா தப்பும். தப்பின அத்தனை குண்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போகும். 'ஃபெடரல்' நிறுவனத்தின் 'ஃப்ளைட்கன்ட்ரோல்' மாதிரி சில தோட்டாக்கள் குண்டுகளை இன்னும் நெருக்கமா வெச்சிருக்கிறதுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. தெறிப்பு கூடினா நல்லதுன்னு சினிமா சொல்லுது. தெறிப்பைக் குறைக்கத்தான் கம்பெனிக்காரன் மண்டையை உடைச்சிருக்கான்.

'சரி, ரப்பர் குண்டு போட்டுக்கலாமே'ன்னு தோணலாம். அதைத் தயாரிக்கிறவங்களே 'கொல்லாதது'ன்னு சொல்றதில்லை, 'கொல்லும் வாய்ப்பு குறைவு'ன்னுதான் சொல்றாங்க. கிட்டத்தில் அதுவும் உயிரை எடுக்கும். தவிர, நீதிமன்றத்துக்கு நீங்க சுட்டது சுட்டதுதான்.

பைடன் சொன்ன யோசனை

இந்த விவாதம் வெள்ளை மாளிகை வரைக்கும் போச்சு. 2013 பிப்ரவரியில், அப்போ துணை அதிபரா இருந்த ஜோ பைடன் ஒரு ஃபேஸ்புக் உரையாடலில், தற்காப்புக்கு ஏ.ஆர்-15 எல்லாம் எதுக்கு, ஒரு ரெட்டைக்குழல் ஷாட்கன் வாங்குங்கன்னு சொன்னார். பிரச்னைன்னா பால்கனிக்கு வந்து ரெண்டு தடவை சுடுன்னு தன் மனைவிகிட்ட சொல்லியிருக்கிறதாகவும் சொன்னார். சில மாதத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவர் நகரில் ஒருத்தர், தன் காரைத் திருட வந்தாங்கன்னு நினைச்சு வானத்தைப் பார்த்து சுட்டார். போலீஸ் வந்தப்போ, 'பைடன் சொன்னதைத்தான் செஞ்சேன்'னார். வழக்கு அவர் மேலதான் பாய்ஞ்சது!

சிரிச்சிட்டு நகர முடியாத வழக்குகளும் இருக்கு. அதே 2013, நவம்பர். மிச்சிகனில் டியர்பார்ன் ஹைட்ஸ். அதிகாலையில், கார் விபத்துக்குள்ளான 19 வயது கறுப்பினப் பெண் ஒருத்தர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் 12 கேஜ் ஷாட்கன்னோட வந்தார். கதவைத் திறந்தார். பூட்டியிருந்த வலைக்கதவு வழியா முகத்தில் சுட்டார். பயந்துட்டேன்னு சொன்னார். 2014-ல் ஜூரி ஏத்துக்கலை. கொலைக் குற்றவாளின்னு தீர்ப்பு. தண்டனை 17 முதல் 32 ஆண்டு.

2023 ஏப்ரல், நியூயார்க் மாநிலத்தின் ஹெப்ரான். நண்பர்கள் சிலர் ஒரு வீட்டைத் தேடி வழி தவறி, வேறொரு வீட்டு வளாகப் பாதைக்குள் காரை விட்டுட்டாங்க. தப்புன்னு புரிஞ்சு திரும்பிட்டு இருந்த காரை நோக்கி வீட்டுக்காரர் 20 கேஜ் ஷாட்கன்னால் சுட்டார். காரில் இருந்த 20 வயது பெண் இறந்துபோனார். சுட்டவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. 2025 நவம்பரில் இண்டியானாவில், வீடு சுத்தம் செய்ய வந்த பெண் தவறான வீட்டு வாசலில் நின்னப்போ, மூடிய கதவு வழியா வந்த குண்டில் செத்துப்போனார். அது ஷாட்கன் இல்லை, கைத்துப்பாக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் யாருன்னு தெரியாமலே விசையை அழுத்தினது மட்டும் ஒண்ணுதான்.

இதில் எந்த வழக்கிலும் 'தோட்டா சரியில்லை' என்பது பிரச்னையே இல்லை. பேர்ட்ஷாட்டா பக்ஷாட்டாங்கிற கேள்விக்கு எவ்வளவு நல்ல பதில் சொன்னாலும் இந்த மூணு பேரையும் காப்பாத்தியிருக்க முடியாது. ஒரு டார்ச் லைட், 'யாரது?'ன்னு ஒரு குரல், கதவைத் திறக்காம போலீஸுக்கு ஒரு போன், இதுல ஏதாவது ஒண்ணு காப்பாத்தியிருக்கும். நல்ல பயிற்சியாளர்கள் இதைத்தான் முதல் பாடமா நடத்துறாங்க. ஆனா, பாடத்துக்குப் போகாமலே துப்பாக்கி வாங்கலாங்கிறதுதான் அங்கே பல மாநிலங்களின் நிலைமை.

பயம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்

2008-ல் 'ஹெல்லர்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமைன்னு 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. 2023-ல் பியூ ஆய்வு மையம் கேட்டப்போ, துப்பாக்கி வெச்சிருப்பவர்களில் 72% பேர் முக்கியக் காரணம் பாதுகாப்புன்னாங்க. வேட்டைன்னு சொன்னவங்க 32% மட்டும். கொரோனா வந்த 2020-ல், துப்பாக்கி தொடர்பான எஃப்.பி.ஐ பின்னணிச் சோதனைகள் 3.9 கோடியைத் தாண்டின. கடைகளில் தோட்டாவுக்கே பஞ்சம்.

அந்தப் பயத்தை நாம கேலி பண்ண முடியாது. போலீஸ் வந்து சேர அரை மணி நேரம் ஆகிற கிராமத்தில், தனியா இருக்கிற ஒரு பெண்ணுக்கு அது நிஜமான கவலை. ஆனா, கணக்கு வேற ஒண்ணு சொல்லுது. 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவங்க 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை. அதாவது பாதிக்கும் மேல. வெளியிலிருந்து வர்ற திருடனுக்காக வாங்கின துப்பாக்கி, வீட்டுக்குள்ள மனசு உடைஞ்சு கிடக்கிற ஒருத்தர் கையில் போய்ச் சேருது. கலிஃபோர்னியாவில் பல லட்சம் பேரைத் தொடர்ந்து கவனிச்சு 2022-ல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் ஆய்வு, கைத்துப்பாக்கி வெச்சிருப்பவரோட ஒரே வீட்டில் வசிப்பவர் கொலை செய்யப்படும் அபாயம் மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கும் மேலன்னு சொன்னது.

ஷாட்கன் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயமான பாயின்ட் வைப்பாங்க. 2019-ல் ஆயுத விவரம் தெரிந்த சுமார் 13,900 கொலைகளில் கைத்துப்பாக்கியால் 6,368, ஷாட்கன்னால் 200. உண்மைதான். இடுப்புல சொருகிட்டுப் போக முடியாத துப்பாக்கி தெருச்சண்டைக்கு வர்றதில்லை. ஆனா, பூட்டாம கட்டிலுக்கு அடியில் கிடந்தா, வீட்டுக்குள்ள அது கைத்துப்பாக்கிக்குக் குறைஞ்சது இல்லை. 2021 கணக்கு ஒன்றின்படி, தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வெச்ச துப்பாக்கி இருக்கிற வீடுகளில் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வளர்றாங்க. மிச்சிகன் மாநிலம் 2024 பிப்ரவரியிலிருந்து, குழந்தை இருக்கிற வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும்னு சட்டமாக்கியிருக்கு. கலிஃபோர்னியா 2024 ஜூலையிலிருந்து துப்பாக்கி, தோட்டா ரெண்டுக்கும் 11% தனி வரி போட்டிருக்கு. மத்த மாநிலங்கள் பலதில் இதெல்லாம் பேச்சுக்குக்கூட வரலை.

ஹெச்1பி நண்பர்கள் கவனத்துக்கு

இதைப் படிக்கிற உங்களுக்கு டல்லாஸ்லயோ நியூ ஜெர்சியிலயோ ஒரு அண்ணனோ, காலேஜ் நண்பனோ இருக்கலாம். 'அக்கம்பக்கத்துல எல்லாரும் வெச்சிருக்காங்க, நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன'ங்கிற பேச்சு வீக்எண்ட் பார்ட்டிகளில் அடிபடும். ஹெச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் போனவங்க துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வெச்சிருக்கிறதே மத்திய சட்டப்படி குற்றம். மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வெச்சிருப்பது மாதிரி சில விதிவிலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு வந்துட்டா கதை வேற. 'வாங்கலைப்பா, ரேஞ்சுல போய் சும்மா நாலு ரவுண்டு சுட்டு ரீல்ஸ் போட்டேன்'னாலும், அந்த நேரம் கையில் வாங்கினதே 'வைத்திருத்தல்' கணக்கில் வரும். அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு; விசா போறது தனி. அந்த ரீல்ஸ் உங்க போன்ல இன்னும் இருந்தா, அடுத்த விசா இன்டர்வியூவுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட பேசிடுங்க.