கைக்கு ஏற்ற லென்ஸ்



இம்முறை ஒரு கமரா லென்ஸைப் பற்றி எழுதுகிறேன். வாழ்வாதாரக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இது என்ன புதுப் பைத்தியம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நான் இதற்குள் வந்து சேர்ந்ததே ஒரு கடன் தவணை காரணமாகத்தான்.

மன்னாரில் எனக்கு அறிமுகமான அக்கா ஒருவர் இருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். இடது தோளுக்குள் ஒரு ஷெல் துண்டு இன்னமும் இருக்கிறது. கலியாண வீடுகளில் படம் எடுக்கும் ஸ்ரூடியோ ஒன்றில் உதவிக்குப் போய்த் தொழில் பழகி, மாதர் சங்கத்தின் சுழற்சி நிதியில் கடன் எடுத்து, பாவித்த கனன் 700டி கமரா ஒன்றை வாங்கியிருந்தார். அவருடைய எண்ணம் பறவைப் படம். வங்காலைச் சரணாலயம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்ட இடம் அது. மாரி காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் வந்து இறங்கும்போது, அவற்றைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். விருந்தினர் விடுதிகளில் பூநாரைப் படம் போட்ட அட்டைகளை வைத்து விற்கலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நல்ல கணக்குத்தான்.

ஆனால் இரண்டு தவணைகள் கட்டப்படவில்லை. என்ன ஏதென்று பார்த்து வரச் சொல்லி சங்கத்தில் என்னை அனுப்பினார்கள்.

போனால், அலுமாரிக்குக் கீழே துவாயில் சுற்றியபடி ஒரு பெரிய லென்ஸ் கிடக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பியின் மகன் அனுப்பியது. 150–600 மில்லிமீற்றர் இரகம். படம் எடுப்பவர்கள் பார்த்தால் கண் வைக்கிற சாமான். "இது இருந்துமா அக்கா படம் எடுக்கேல்லை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்.

"பாரமெண்டு என்னெண்டு பிள்ளை சொல்லுறது? பெடியன் அந்தக் குளிருக்குள்ள வேலை செய்து அனுப்பினவன்."

இந்த வெட்கத்தை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். காயம் பட்ட உடம்போடு பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் அள்ளுகிறோம், விறகு சுமக்கிறோம். அதற்கெல்லாம் பாரம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகவே ஒரு கருவியைப் பார்த்து "இது எனக்குப் பாரம்" என்று சொல்ல வாய் வருவதில்லை. சமூகவியல் வகுப்பில் இதற்குப் பெரிய பெயர்கள் சொல்லித் தந்தார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் இருந்தபோது அவற்றில் ஒன்றும் உதவவில்லை. உதவியது தண்ணீர்ப் போத்தல்தான்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இடது உள்ளங்கையில் போத்தலை நிமிர்த்தி வைத்து, கண் மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். கமராவைப் பிடிக்கும்போது பாரத்தைச் சுமப்பது இடது கை. வலது கை பிடித்து அமத்துவதோடு சரி. அக்காவின் காயம் சரியாக அந்த இடது தோளில். ஒரு லீற்றரை மூன்று நிமிடம் பிடித்தார். ஒன்றரை லீற்றரை ஒரு நிமிடம் தாண்டப் பிடித்தார். இரண்டரை லீற்றரை உயர்த்தும்போதே முகம் மாறிவிட்டது. அவருடைய கமரா 580 கிராம். அந்த இரக லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. இரண்டும் சேர்ந்தால் இரண்டரை. அந்த லென்ஸ் ஏன் அலுமாரிக்குக் கீழே கிடந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

குடம் நிறையத் தண்ணீர் சுமக்கிறவருக்கு இரண்டரைக் கிலோ என்ன பாரம் என்று கேட்கலாம். குடத்தின் பாரம் இடுப்பெலும்பில் இறங்கிவிடும். லென்ஸின் பாரம் முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். தூரம் கூடக்கூடத் தோள் இரட்டிப்பாக உழைக்கும். சூம் லென்ஸ் சிலவற்றை இழுத்தால் குழல் முன்னுக்கு நீளும், அப்போது பாரமும் முன்னுக்குப் போகும். கடையில் லென்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது அதை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மடக்கி வைத்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று வாங்கி வந்து அழுதவர்களில் நானும் ஒருத்தி.

லென்ஸ் ஏன் பாரமாகிறது என்பதைச் சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த குவியத் தூரத்தை வைத்தே சொல்லலாம். லென்ஸில் எஃப் 5.6, எஃப் 8 என்று ஓர் எண் இருக்கும். குவியத் தூரத்தை அந்த எண்ணால் பிரித்தால் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அகலம் வரும். 400 மில்லிமீற்றர் லென்ஸ் எஃப் 2.8 என்றால் ஏறக்குறைய 143 மில்லிமீற்றர், சாப்பாட்டுக் கோப்பை அகலம். அதே 400 எஃப் 8 என்றால் 50 மில்லிமீற்றர்தான். முன் கண்ணாடி அந்த அளவுக்காவது இருந்தாக வேண்டும். கனனின் 400 எஃப் 2.8 இல் 2018 இல் வந்த மொடலைப் பாரம் குறைத்துச் செய்தார்கள், அப்படியும் 2,840 கிராம். 2021 இல் அவர்கள் விட்ட ஆர்.எஃப். 100–400 நீண்ட முனையில் எஃப் 8, அதனால் 635 கிராம்தான். குறைந்த பாரத்துக்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். விடியற்காலை மங்கலில் அது படம் எடுக்கத் திணறும்.

அக்காவுக்கு அதையே வாங்கலாமே என்று நினைக்காதீர்கள். அந்த லென்ஸ் கனனின் புதிய கண்ணாடியில்லாக் கமராக்களுக்கு உரியது, 700டி இல் பூட்டாது. பழைய லென்ஸை இணைப்பு வளையம் வைத்துப் புதிய கமராவில் பூட்டலாம், மறுவளம் முடியாது. இது தெரியாமல் வெளிநாட்டிலிருந்து சாமான் வருவித்துக் கைகட்டி நிற்பவர்கள் உண்டு. 2022 இல் ரூபா விழுந்த பிறகு கமரா விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அதனால் இருக்கிற கமராவுக்குப் பாவித்த லென்ஸ் தேடுவதுதான் புத்தி.

இரண்டு லென்ஸ்கள் மனதில் வந்தன. ஒன்று என்னிடம் உள்ள கனன் 70–300 ஐ.எஸ். இரண்டாவது மொடல், 710 கிராம். மற்றது 55–250 ஐ.எஸ். எஸ்.ரி.எம்., 375 கிராம். ஐ.எஸ். என்றால் கை நடுக்கத்தை ஈடு செய்யும் வசதி. அது இல்லாத லென்ஸைக் கையில் பிடித்துப் பறவை எடுப்பது பெரும்பாடு. சந்தையில் 75–300 என்று மலிவாக ஒன்று கிடைக்கும். அதன் சாதாரண மொடலில் இந்த வசதி இல்லை, நீண்ட முனையில் படமும் மங்கல். 70 ஆ 75 ஆ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு வாசியுங்கள்.

தை மாதத்தில் ஒருநாள் விடியப்புறம் இரண்டையும் கொண்டு வங்காலைக்குப் போனோம். 55–250 ஐ ஸ்ரூடியோத் தம்பியிடம் இரவல் வாங்கினோம். நான் 70–300 இன் பக்கம். 700டி இன் சிறிய உணரியில் 300 என்பது 480 போலத் தெரியும், 250 என்பது 400 போல. பறவைக்கு நீளம் கூடினால் நல்லது என்பதுதானே எல்லோரும் சொல்வது? அக்காவும் என் சொல்லுக்கு முதலில் அதையே பூட்டினார்.

பூநாரைகள் தூரத்தில் தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அரித்துக்கொண்டு நின்றன. அக்காவின் முதல் படங்கள் நன்றாக வந்தன. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இடது முழங்கை விலாவை விட்டு விலகத் தொடங்கியது. படங்கள் ஒவ்வொன்றாகக் கலங்கின. ஐ.எஸ். சிறு நடுக்கத்தைத்தான் பிடிக்கும், களைத்த கையின் ஆட்டத்தைப் பிடிக்காது. லென்ஸை மாற்றினோம். 955 கிராம், போத்தல் கணக்கில் ஒரு லீற்றருக்கும் குறைவு. அதன் பிறகு ஒரு மணித்தியாலம் நின்று எடுத்தார். பூநாரை சின்னதாகத் தெரிகிறதே என்று நான் இழுத்தேன்.

"அட்டை எவ்வளவு பிள்ளை? ஆறுக்கு நாலு தானே?" என்றார்.

எனக்கு அது ஓடவில்லை. ஆறுக்கு நான்கு அங்குல அட்டையை நல்ல தரத்தில் அச்சிட 1,800க்கு 1,200 புள்ளிகள் போதும், அதாவது ஏறக்குறைய 22 இலட்சம். கமரா தருவது 180 இலட்சம். படத்தில் எட்டில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் அட்டைக்குக் காணும். பெரிய பதாகை அடிப்பவர்களுக்கு வேண்டுமானால் நீள லென்ஸ் தேவைப்படலாம். சிட்டுக் குருவி அளவு பறவைக்கும் 250 காணாது, அதை மறைக்கவில்லை. பூநாரையோ நாலடிக்கு மேல் நிற்கும் பறவை.

அன்று ஒன்பது மணியோடு கமராக்களை மூடிவிட்டோம். உப்புத் தரவையில் வெயில் ஏறினால் காற்று கானல் போல அலையும். அந்த நேரத்தில் எத்தனை இலட்சம் ரூபா லென்ஸ் என்றாலும் பறவை தண்ணீரில் கரைந்த மாதிரித்தான் விழும்.

பழக்கத்தில் கண்டவை சில. பறவை நிற்கும்போது ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு செக்கனுக்குக் குறையாமல் இருக்கட்டும், பறக்கும்போது இரண்டாயிரத்தில் ஒன்று. ஐ.எஸ். உங்கள் கையை நிறுத்துமே தவிரப் பறவையின் செட்டையை நிறுத்தாது. கையில் பிடிப்பது என்றால் அந்தரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. சைக்கிள் இருக்கையில், மதிலில், முழங்காலில் வைத்து எடுக்கலாம். பழைய டெனிம் துணியில் ஒரு பை தைத்துப் பயறு நிரப்பினால் லென்ஸுக்கு நல்ல தலையணை. வலது கை விரல்களை இழந்த சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கமராவின் முக்கியமான பொத்தான்கள் வலப் பக்கத்திலேயே இருக்கும். பையின் மேல் கமராவை வைத்து, வயர் பொத்தான் ஒன்றைப் பூட்டி இடது கையால் அமத்தலாம். எங்கள் சங்கத்தில் ஒருவர் அப்படித்தான் எடுக்கிறார்.

கண்ணைக் கமராவில் வைத்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டாம். மிதிவெடிப் பலகை உள்ள இடங்களில் எந்தப் பறவை நின்றாலும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். முகாம்கள், சோதனைச் சாவடிகள் பக்கம் லென்ஸைத் திருப்பவும் வேண்டாம். சின்ன லென்ஸுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சந்தியில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பது குறைவு, கேள்விகளும் குறைவு.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து ரோச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் கடற்கரைக் காற்றில் அது சீக்கிரம் பிடிக்கும். வாங்கியதை அலுமாரியில் துணிகளோடு வைக்காமல், இறுக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு வையுங்கள். துவாயில் சுற்றி வைத்தால் அது ஈரத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும்.

அக்காவின் பெரிய லென்ஸுக்கு இன்னும் பூஞ்சணம் பிடித்திருக்கவில்லை. அதை விற்கலாம் என்று நான் சொன்னதும் மறுத்துவிட்டார். மருமகனிடம் கேட்காமல் தொடமாட்டாராம். கேட்பதற்கு இரண்டு கிழமை எடுத்தார். ஒரு ஞாயிறு இரவு, நான் பக்கத்தில் இருக்கவே, தொலைபேசியில் அவனிடம் தோளைப் பற்றிச் சொன்னார். அவன் 2007 இல் சின்னப் பெடியனாய்ப் போனவன், அதற்குப் பிறகு நடந்தது அவனுக்கு யாரும் விபரமாய்ச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. பிறகு, "மாமி, நான் கேட்டிருக்க வேணும். வித்துப்போட்டு உங்களுக்கு எது தோதோ அதை வாங்குங்கோ" என்றான். தொலைபேசியை வைத்தபிறகும் அக்கா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

லென்ஸ் கொழும்பில் ஒருவருக்குப் போனது. அந்தக் காசில் 55–250 ஒன்று வாங்கி, நிலுவையில் இருந்த இரண்டு தவணையும் கட்டி, மிச்சத்தில் அட்டை அச்சடித்தார். இரண்டு விடுதிகளில் இப்போது வைத்திருக்கிறார்கள். விற்பனை பெரிதாக இல்லை, ஆனால் தவணைக்குக் காணும். கை இன்னும் கொஞ்சம் தேறினால், இரண்டாவது கடனில் புதிய கமராவும் அந்த 635 கிராம் லென்ஸும் பார்க்கலாமா என்று கேட்கிறார். 429 கிராம் ஆர்10 கமராவோடு சேர்த்தால் 1,064 கிராம். அவசரப்படாமல் போத்தலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

போன முறை போனபோது பயற்றம் பையைக் கேட்டேன். பயறு முழுவதையும் அவித்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம். இப்போது அதற்குள் உமி. "இதுவும் பாரம் குறைவுதானே" என்றார்.