களிம்புக்கு யார் ஒப்புதல் தருவது?

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கிடக்கும் குப்பையை எந்தச் சேரிக்காரர்கள் அள்ளுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. அள்ளுகிற கைகள் மாறவில்லை.

ஈரக் குப்பையிலும் சாக்கடை நீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் நாள் முழுக்கக் கிடக்கும் கைகளில் படையும் வெடிப்பும் வருகின்றன. அதை 'சுத்தமில்லாததால் வந்தது' என்று சொல்லும் வாய் சாதியின் வாய். சட்டம், வேலையால் வரும் தோல் நோய்களைத் தொழில் நோயாகவே கணக்கில் எடுக்கிறது.

"அதுக்குத்தான் காப்பீடு இருக்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. படைக்கு யாரும் படுக்கை தருவதில்லை. வாரக்கணக்கில் தடவ வேண்டிய களிம்பை அந்த அட்டையைக் காட்டி வாங்க முடியாது.

வெளிநோயாளிக்கும் மருந்து தருவது ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உரிமை. ஒப்பந்ததாரர் பதிவு செய்யாவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு சரி. பதிவு இருந்தாலும், மருந்தகத்தில் இல்லாத மருந்து என்றால் பரிந்துரை, ஒப்புதல், கொள்முதல் என்று நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும்.

அதனால் மெடிக்கல் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுகிறார்கள். அரிப்பு அடங்கும், படை பரவும். இத்தகைய பல களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. சீட்டு இருந்தும் மருந்து கிடைக்காதவரை அந்த விதி என்ன செய்யும்?

மருத்துவமனையில் சேர்ந்தவரின் பணமில்லாச் சிகிச்சைக் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் உத்தரவிட்டது. வேகம் முடியாத காரியமல்ல. வெளிநோயாளி மருந்துக்கும் அப்படி ஒரு கெடு வேண்டும். அதைத் தாண்டினால் மருந்து தானாகவே கிடைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, 10 ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்று மாநகராட்சியிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலோடு நம் பேச்சைத் தொடங்குவோம்.