பெரியப்பாவின் மிலிட்டரி ஜீப்பும் 52-ஆவது பிரிவும்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன் (திருக்கனூர்தான், வேறெங்கே). பெரியப்பா வீட்டுத் தோட்டத்தில் ஜீப் மறுபடியும் கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். "உங்க பெரியப்பாவுக்கு இதுதான் ரெண்டாவது குடும்பம்" என்றார் பெரியம்மா. வழக்கமாக இதற்குச் சிரிக்கிற பெரியப்பா இந்த முறை சிரிக்கவில்லை. 2027-ல் வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க வேண்டும். "கம்பெனி எப்படிக் கொடுத்துச்சோ அப்படி இருந்தாத்தான் தேறும்" என்று யாரோ ஒரு புரோக்கர் அவரைப் பயமுறுத்தியிருக்கிறார்.

"கம்பெனி இந்த வண்டிக்கு சீட் பெல்ட்டே கொடுக்கலையேடா தம்பி. கழட்டிடட்டுமா?" என்று கேட்டார். மெக்கானிக்கல் படிக்கிறவன் என்ற மரியாதையில் கேட்ட கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டியைப் பற்றி. இது ராணுவம் கழித்துக்கட்டிய 'டிஸ்போசல்' ஜீப். 1978-ல் செய்த மகிந்திரா சி.ஜே. 3பி. அந்தப் பெரிய போனட்டைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே இருந்த 'ஹரிக்கேன்' பெட்ரோல் இன்ஜின் உயரமானது, அதற்காகப் போனட்டையும் உயர்த்தினார்கள். 1997-ல் ராணுவ ஏலத்தில் மொத்தமாக எடுத்த ஒரு வியாபாரியிடமிருந்து பெரியப்பா இதை வாங்கினார். ராணுவ வண்டிக்கு நம்மைப்போல ஆர்.டி.ஓ. எண் கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட தனி எண். ஆகவே ஏலத்தில் கொடுக்கும் விற்பனைச் சான்றிதழை வைத்துத்தான் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதோடு, 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதிப்படி, ராணுவம் தவிர வேறு யாரும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக்கூடாது. (சும்மா கெத்துக்காகப் பச்சை அடித்துக்கொண்டு திரிகிறவர்கள் கவனிக்க!) பெரியப்பா வெள்ளை அடித்தார். போனட்டைத் தூக்கினால் உட்பக்கம் இன்னும் பச்சைதான்.

பெட்ரோல் குடித்தே அந்த ஜீப் குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் போலிருந்ததாம். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீசல் இன்ஜின் வைத்தார். விபத்தில் அடிபட்ட இன்னொரு ஜீப்பிலிருந்து கழற்றிய எம்.டி. 2350. ஆபீசில் எழுதிக்கொடுத்து, ஆர்.சி. புக்கிலும் ஏற்றிவிட்டார். அந்தக் காலத்தில் அது முடிந்தது.

இன்ஜின் மாற்றுவது என்பது பல்பு மாற்றுவது மாதிரி இல்லை. டீசல் இன்ஜின் கனம், அதனால் முன்பக்க ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூட்ட வேண்டும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருமிடம் சரியாகப் பொருந்த வேண்டும். அதற்கு லேத்துப் பட்டறையில் ஒரு தகடு கடைந்து கொண்டுவந்தார்கள். நூலளவு மையம் தவறினாலும் கிளட்ச் போய்விடும். நாங்கள் செமஸ்டரில் 'டாலரன்ஸ்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதை, எட்டாவது படித்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் விரல் நுனியால் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டாராம். இந்த எம்.டி. 2350 வேறொன்றுமில்லை, பி-275 டிராக்டர் இன்ஜினின் உடன்பிறப்பு. கரும்பு விளையும் ஊரில் டிராக்டர் மெக்கானிக்குக்கா பஞ்சம்? கோளாறு வந்தால் தெருமுனையிலேயே ஆள் கிடைத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. டிராக்டர் இன்ஜினை ஜீப்பில் வைக்கலாம் என்பது எங்கள் ஊர் மெக்கானிக்கின் யோசனை இல்லை. 1973-ல் உலக அளவில் பெட்ரோல் விலை எகிறியபோது பெட்ரோல் ஜீப் விற்பனை படுத்தது. அப்போது மகிந்திரா கம்பெனியே செய்த காரியம் அது. கம்பெனி செய்தால் புது மாடல், நாம் செய்தால் சட்டவிரோதம்!

இன்னும் பின்னால் போனால், பிலிப்பைன்ஸ். இரண்டாம் உலகப்போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து சுமார் 6.4 லட்சம் ஜீப்புகள் செய்தன. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் மணிலாவில் விட்டுப்போனவற்றை உள்ளூர்க்காரர்கள் நீட்டி, கூரை போட்டு, இரண்டு பக்கமும் பெஞ்ச் வைத்து 'ஜீப்னி' ஆக்கினார்கள். ஒரு நாட்டின் பொதுப்போக்குவரத்தே அதிலிருந்து பிறந்தது. நம் பக்கம், ஜபல்பூரில் செய்த ஜோங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். (2019-ல் தோனி ஒன்று வாங்கியபோது படம் பார்த்திருப்பீர்கள்.) நிசான் பேட்ரோலின் இந்திய வடிவம், நான்கு லிட்டருக்குச் சற்றே குறைவான ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அதை அப்படியே வைத்து ஓட்ட தோனியால் முடியும். மற்றவர்கள் டீசல்தான் வைத்தார்கள். அதே ஜபல்பூரில் ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1996 வரை செய்த சக்திமான் லாரிகளும் இப்படித்தான், ராணுவத்தை விட்டு வந்த பிறகு ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு உருவம் எடுத்தன.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு 2000-ல் திருத்தப்பட்டது. ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று அது சொல்கிறது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று சட்டமே விளக்கம் கொடுக்கிறது. ஆனால் எது அடிப்படை அம்சம்? இங்கேதான் பெரியப்பாவின் கேள்வி.

2009-ல் வழுதாவூர் பக்கமிருந்து உர மூட்டைகளோடு வரும்போது பிரேக் ஹோஸ் வெடித்துவிட்டது. அந்தக் கால ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்கே ஓட்டை விழுந்தாலும் நான்கும் போச்சு. பெடல் தரையைத் தொட்டது. பெரியப்பா கரும்புக் கொல்லையில் வண்டியை இறக்கி நிறுத்தினார். வரப்பில் மோதியதில் நெற்றியில் ஏழு தையல். அதன் பிறகுதான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் போகிற டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டார், சீட் பெல்ட் போட்டார். இதெல்லாம் கம்பெனி கொடுத்தது இல்லை. வண்டியைக் 'கம்பெனி கொடுத்தபடி' திருப்பினால், 2009-ல் அவரைக் கொல்லப் பார்த்த அதே பிரேக்குக்குத் திருப்ப வேண்டும். இதை யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் எதைக் கேட்பார்கள், எதை விடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் ஒரு 68 வயதுக்காரர் இரவில் தூங்காமல் இருக்கிறார். அது சரியா?

விண்டேஜ் வண்டியாகப் பதியலாமே என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். 2021 ஜூலையில் வந்த விதி அது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' எழுத்தோடு தனி எண். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பெரியப்பாவின் ஜீப்புக்கு 2028-ல் 50 வயது. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அன்றாடம் ஓட்டவும் கூடாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம். ஆக, ஷெட்டில் துடைத்து வைத்திருக்கும் பணக்காரர் வண்டிக்கு மரியாதை உண்டு. உழைத்து உழைத்துப் பழுதாகி, பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓடுகிற வண்டிக்கு இல்லை. எனக்கு இதுதான் எரிச்சல்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. புக் ஒரு வண்டியுடையது, உடம்பு இன்னொரு வண்டியுடையது என்று ஓடுகிற ஜீப்புகள் உண்டு. டிராக்டர் டயர் அளவுக்கு டயர் போட்டு, ஸ்டியரிங் அப்படியே விட்டு, வளைவில் கவிழ்ந்தவர்கள் உண்டு. கண்ணைக் குருடாக்கும் லைட் வரிசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீதிமன்றம் கறாராக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. கண்டபடி வெட்டி ஒட்டிய வண்டியில் வருகிறவன் சாவதோடு நிற்பதில்லை, எதிரில் சைக்கிளில் வருகிறவரையும் சேர்த்துக்கொண்டு போகிறான்.

என் வாதம் ஒன்றே ஒன்று. காகிதத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, வண்டியைச் சோதியுங்கள். பிரிட்டனில் பல வருடங்களாக ஒரு மார்க் முறை இருந்து வந்தது. பெரிய அளவில் மாற்றிய வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள எட்டு மார்க் வேண்டும். பழைய சேசிஸ் இருந்தால் 5, ஆக்ஸில், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ் ஆகியவற்றுக்குத் தலா 2, இன்ஜினுக்கு வெறும் 1. எட்டு வராவிட்டால் தனி வண்டியாகச் சோதனைக்கு வந்து தேற வேண்டும். மார்க் போடுவதும் பாஸ், ஃபெயில் போடுவதும் நம் நாட்டுக்குப் புதிதா என்ன? :-) நம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நாற்பதில் ஓட்டி பிரேக் அடித்துப் பார்க்கட்டும், சேசிஸைச் சுத்தியால் தட்டிப் பார்க்கட்டும். தேறாவிட்டால் காயலான் கடைக்கு அனுப்பட்டும். பெரியப்பாவே தலையாட்டுவார். கட்டணமும் கட்டத் தயார்தான். 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கியபோதுகூட அவர் முணுமுணுத்ததோடு சரி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். பாண்டியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. நகரத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க ராணுவம் வந்தது. வீடூர் அணையைத் திறந்ததில் சங்கராபரணியிலும் வெள்ளம். எங்கள் தெருவில் கார்கள் சைலன்சரில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டன. ஃபோர் வீல் போட்டு அந்த ஜீப் இரண்டு நாள் ஓடியது. பால் கேன், டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு தாத்தா, பிரசவ வலியில் ஒரு அக்கா. அந்த அக்காவின் குழந்தை இப்போது தோட்டத்துக்கு வந்து, கட்டை மேல் நிற்கும் ஜீப்பின் ஹாரனை அமுக்கிவிட்டு ஓடுகிறது.

நான் கிளம்பும் அன்று பெரியப்பா பின் சக்கர டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தார். புது வீல் சிலிண்டர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். "2027 வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை.