கோதுமை ஆகாத பிள்ளையும் நம் பந்தியும்



இராசபாளையத்தில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. தந்தை நூற்பாலைத் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். அவர்களுடைய ஒன்பது வயது மகள் இவ்வாண்டு புதுநன்மைக்காக ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பிற்குச் சென்று வருகிறாள். அண்மையில் ஒரு மாலை அவ்வீட்டில் நாம் அமர்ந்திருந்தபோது, திருவில்லிபுத்தூரிலிருந்து பேருந்தேறி அம்மாச்சி வந்து சேர்ந்தார். கைப்பையில் ஒரு பால்கோவாப் பொட்டலமும், பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன் ஒன்றும் இருந்தன. சிறுமி பால்கோவாவை ஆவலோடு வாங்கிக்கொண்டு, "பன் எனக்கு ஆகாது அம்மாச்சி" என்றாள். முதியவரின் முகம் வாடிவிட்டது. "நான் குடுத்தாலுமா ஆகாது?" என்று கேட்டார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

கொடுத்ததை உண்பதே கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். வந்தவரை உண்ணாமல் அனுப்புவது குறை. கொடுத்ததை மறுப்பது அதனினும் பெருங்குறை. இத்தகைய நம் வீடுகளில், சில உணவுகளை உண்ண இயலாத நோயோடு ஒரு பிள்ளை வாழ நேர்ந்தால் என் செய்வது? இம்மாதம் இதைக் குறித்துச் சிந்திப்போம்.

நான்கு ஆண்டு அலைச்சல்

அக்குழந்தைக்கு நான்கு வயது முதற்கொண்டே வயிறு உப்பியிருந்தது, கைகால்கள் மெலிந்திருந்தன, அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரத்தசோகை என்று இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்தார்கள். எதுவும் நிலைத்த பயன் தரவில்லை. தாய் சரியாகச் சோறு போடுவதில்லை போலும் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டனர். தாயோ, பிள்ளை எப்படியாவது தேறவேண்டுமே என்று கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி ஊட்டினார். மருந்தென்று எண்ணி ஊட்டியதே நோய்க்குத் தீனியாயிற்று.

இடையில் ஒரு மருத்துவர் ஐயுற்று இரத்தச் சோதனை செய்வித்தார். குறை ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதனால் மேலும் ஓராண்டு வீணாயிற்று. பின்னர் மதுரையில் வேறொரு மருத்துவர் மீண்டும் ஆராய்ந்து உண்மையைக் கண்டறிந்தார். குழந்தைக்கு இருந்தது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் அவளுக்கு ஆகாது. அத்துடன், இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்புப் பொருள் அவள் இரத்தத்தில் இல்லை என்பதும் தெரிந்தது. முதற் சோதனை தேடியது அவ்வகை எதிர்ப்புப் பொருளைத்தான். உடலில் இல்லாத ஒன்றைத் தேடிய சோதனை, நோயும் இல்லை என்று கூறிவிட்டது.

காவல் தவறும் விதம்

உடலின் எதிர்ப்பாற்றலை வீட்டுக் காவலுக்கு ஒப்பிடலாம். காவல் நாயைப் பற்றி இராசபாளையத்தாருக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற நாய் இவ்வூரின் பெயர் தாங்கியது. நல்ல காவல் நாய் கள்வனையும் அறியும், வீட்டாரையும் அறியும். கள்வன் வந்தும் குரைக்காமல் படுத்திருந்தால், அது எதிர்ப்பாற்றல் குறைவுக்கு ஒப்பாகும். அத்தகையோர் பலருக்குக் காதிலும், மூக்கிலும், நுரையீரலிலும் தொற்று அடிக்கடி வரும். சிலருக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை எதிர்ப்புப் பொருளையே இரத்தத்தில் செலுத்த வேண்டியிருக்கும். நாய் வீட்டாரையே கடித்தால், அது தன்னெதிர்ப்பு நோய்க்கு ஒப்பாகும். தைராய்டு சுரப்பியைத் தாக்கும் சில நோய்கள், பிள்ளைப் பருவத்திலேயே இன்சுலின் ஊசி தேவைப்படும் முதல் வகை நீரிழிவு, மூட்டுகளை வாட்டும் முடக்குவாதம், லூபஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

சீலியாக் நோயும் தன்னெதிர்ப்பு நோயே. கோதுமை, பார்லி, மேனாட்டாரின் ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டனைக் கண்டு வெகுளும் காவல், சிறுகுடலின் உட்சுவரைக் குதறிவிடுகிறது. உணவின் சத்தை உறிஞ்சுகின்ற விரல் போன்ற நுண்ணிய முனைகள் தேய்ந்து போகின்றன. தட்டு நிறைய உண்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. நம் சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி வெளிப் புண்ணைக் கட்டும். இந்தப் புண்ணுக்குக் கட்டு, உணவில் காக்கும் ஒழுங்கு ஒன்றே.

ஒரே காவல் ஒருபுறம் உறங்கவும் மறுபுறம் கடிக்கவும் கூடுமோ எனில், கூடும். சீலியாக் நோயாளருள் நூற்றுக்கு இருவர் மூவருக்கு மேற்சொன்ன எதிர்ப்புப் பொருளின் குறைவும் உண்டு. ஆகவே பெற்றோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நலம். முதலாவது, இந்நோய்க்கான இரத்தச் சோதனையின்போது இம்யூனோகுளோபுலின் ஏ-யின் மொத்த அளவையும் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவது, சோதனைகள் முடியும் முன்னரே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தமும் குடல் திசுவும் நோயைக் காட்டாமல் மறைத்துவிடக்கூடும்.

இவற்றுள் எதுவும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை என்று கேட்டவுடன் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்வோர் இதை உணரவேண்டும். அஞ்சவேண்டிய நிலையில் இருப்பது அப்பிள்ளையே. நம் சளியும் இருமலும்தான் அதனை வாட்டும்.

பஞ்சம் கற்பித்த பாடம்

கோதுமையே இந்நோய்க்குக் காரணம் என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர். அவருக்கு அவ்வையம் முன்னரே இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்கவில்லை. மற்றவர் மெலிந்த அந்நாளில் இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் மீண்டது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதனை விரித்துரைத்தார். அதற்குப் பின்னரே உலகெங்கும் குழந்தைகள் முறையான உணவால் பிழைத்தனர்.

அரிசி உண்ணும் நமக்கு இது ஏன் என்று கேட்கலாம். வேலூர் மருத்துவர்களும் பங்குகொண்டு, இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. அதன்படி வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று மேலாகவும், தென்னகத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய்க்குரிய எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. நோய்க்கு இடம் தரும் பரம்பரைக் கூறு இரு பக்கத்திலும் பெரிதும் வேறுபடவில்லை. வேறுபட்டது கோதுமையின் அளவே. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 455 கிராம் உண்ண, தெற்கே 25 கிராமே உண்டனர். இன்றோ நம் வீடுகளில் இரவுதோறும் சப்பாத்தி. தெருமுனைதோறும் பரோட்டாக் கடை. அரிதென்று எண்ணி ஐயுறாமல் விட்டால், அவ்வரியவருள் ஒருவராகிய பிள்ளை ஆண்டுக்கணக்கில் வாடும்.

அடுப்படியில்

இந்நோய்க்கு மருந்து உணவு ஒழுக்கமே. அதுவும் வாழ்நாள் முழுமைக்கும். சோறு, இட்டலி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு, காய்கனி, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. பரோட்டா, பூரி, சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கெட், ரஸ்க், பன், கோதுமை அல்வா ஆகியவை ஆகா. இதுவரை எளிது. மறைந்து வருவதைக் காண்பதே கடினம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை அரைத்த மாவு மில்லில் அடுத்து அரிசியை அரைத்தால், முந்தைய மாவு அதில் ஒட்டி வரும். பரோட்டா வார்த்த கல்லில் வார்த்த தோசையும் ஆகாது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து சென்றாலே குடல் கெடக்கூடும். ஒரு துண்டு ரொட்டியில் உள்ளதில் அது மிகச் சிறு பங்கே. குளூட்டன் அற்றது என்று நம் நாட்டில் அச்சிட்டு விற்கும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது சட்டம். பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள்.

நோய் கண்டறிந்த தொடக்கத்தில் சிலருக்குப் பாலும் செரிக்காது. குடல் ஆறியபின் அது பெரும்பாலும் சரியாகிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா அச்சிறுமிக்கு இப்போது ஆவது இதனாலேயே.

திருப்பந்தியில்

தாயின் உள்ளத்தை வாட்டிய பெருங்கவலை வேறு. நற்கருணை அப்பமும் கோதுமை அன்றோ? மற்றப் பிள்ளைகள் வரிசையில் சென்று நன்மை வாங்கும் நாளில் தம் மகள் மட்டும் ஒதுங்கி நிற்பாளோ? அரிசி அப்பத்தை அருச்சித்துக் கொடுக்கலாகாதோ என்று அவர் நம்மிடம் கேட்டார்.

ஆகாது. அப்பம் கோதுமையினாலேயே ஆனதாக இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி. ஆண்டவர் இறுதி இரவுணவில் கையிலெடுத்த அப்பத்தோடு நம் பலியை இணைக்கும் மரபு அது. ஆயினும் தாய்த் திருச்சபை இப்பிள்ளைகளை மறக்கவில்லை. கர்தினால் இராட்சிங்கர் தலைமையில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1995-லும் 2003-லும் இதுபற்றி ஆயர்களுக்கு மடல் வரைந்தது. 2017-இல் திருவழிபாட்டுப் பேராயமும் அதனை நினைவூட்டியது. குளூட்டன் அறவே நீக்கிய அப்பம் செல்லாது; வேற்றுப் பொருள் கலவாமல் அப்பமாவதற்குப் போதுமான அளவு குளூட்டன் எஞ்சியுள்ள அப்பம் செல்லும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து கிளைடு ஊரிலுள்ள பெனடிக்ட் சபை அருட்சகோதரியர் 0.01 விழுக்காட்டிற்கும் குறைவான குளூட்டன் உள்ள அத்தகைய அப்பத்தைச் செய்கின்றனர். அதுவும் ஆகாதவர்கள் திராட்சை இரச வடிவில் மட்டும் நன்மை வாங்கலாம். தேவை நேரும்போது இதற்கு 925-ஆம் விதியும் இடம் தருகிறது. எவ்வடிவிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார் என்பது நம் விசுவாசம். ஆகவே அப்பிள்ளை பெறுவது பாதி நன்மையன்று.

இதில் கவனம் ஒன்று வேண்டும். குருவானவர் தம் இரசப்பாத்திரத்தில் அப்பத்தின் சிறு துணுக்கை இடுவது வழக்கம். எனவே இவர்களுக்கென்று தனிச் சிறு பாத்திரம் வைக்கவேண்டும். அதில் அப்பத்தைத் தோய்க்கலாகாது. குளூட்டன் குறைந்த அப்பத்தையும் தனிச் சிமிழில் வைத்து, மற்ற அப்பங்களைத் தொடாத கையால் வழங்குதல் வேண்டும். அத்தாய் பங்குத்தந்தையிடம் தயங்கித் தயங்கிச் சென்றார். தந்தை பொறுமையோடு கேட்டு, ஆயரின் அனுமதிக்கு எழுதுவதாகவும், தனிப் பாத்திரம் ஒன்றை ஒதுக்குவதாகவும் சொன்னார். "அவளும் வரிசையிலேயே வரட்டும் அம்மா" என்றும் சொல்லி அனுப்பினார்.

நாம் செய்யக்கூடியவை

கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், ஒரே பந்தியில் சிலர் பசித்திருக்க வேறு சிலர் நிறைய உண்டதைப் பவுலடியார் கடிந்துரைக்கிறார். அக்கடிதல் நமக்கும் பொருந்தும். திருவிழா அசனத்தில் சாம்பாரில் பெருங்காயம் சேர்க்குமுன் ஒரு சிறு பாத்திரத்தில் தனியே எடுத்துவைப்பது பெருஞ்செலவன்று. மறைக்கல்வி வகுப்பில் பிஸ்கெட்டுக்குப் பதிலாகக் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ வழங்கலாம். காய்ச்சலும் இருமலும் உள்ளபோது எதிர்ப்பாற்றல் குறைந்தவர் வீட்டிற்குச் செல்லாதிருப்பதும் ஓர் அன்புப் பணியே. முடக்குவாதமும் லூபஸும் உடையவர் களைப்பென்று சொன்னால் சோம்பல் என்று எண்ணாதீர்கள். அவர்கள் உண்ணும் மருந்தை, குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரையை, மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். மெலிந்த பிள்ளையைக் கண்டால் தாயைக் குறைகூறாதீர்கள். "கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது" என்ற சொல்லை நம் வீடுகளிலிருந்து அகற்றிவிடுவோம். உணவை மறுக்கும் பிள்ளை நம் அன்பை மறுக்கவில்லை.

சென்ற வாரம் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். சிறுமியின் கன்னங்களில் சற்றே சதை பிடித்திருந்தது. அம்மாச்சியும் வந்திருந்தார். இம்முறை அவர் கையில் பேக்கரிப் பொட்டலம் இல்லை. எவர்சில்வர் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே முறுக்கு. "மில்லுல குடுக்கல, உரல்ல நானே இடிச்ச மாவு. பெருங்காயமும் போடல. நீ சாப்பிடு தாயி" என்றார். சிறுமி இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றை அம்மாச்சியின் கையில் கொடுத்தாள்.